குங்குமப் பொட்டு வைத்த தாள்கள்

தனக்கொடியைப் பார்த்து யாராவது "பாவம், கொடுத்துவைக்காதவள்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்துவைக்கிறதாவது, மண்ணாவது! அவளுக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்குக் காரணம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள், இன்னொன்று நான். அவள் புருஷன் இருசப்பன் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள், "இனிமே நீ எழுதுக்கா" என்றாள்.

நான் முதலியார்பேட்டைப் பக்கம் அரசாங்க நர்சாக வேலை பார்த்தவள். தனக்கொடி 1971இல் அரியாங்குப்பத்திலிருந்து மில் தொழிலாளர் தெருவுக்கு வாழ வந்தாள். வயது இருபத்தாறு. தங்கைகளை எல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டுக் கடைசியாகக் கழுத்தை நீட்டியவள். இருசப்பன் மில்லில் தறி ஓட்டுபவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அம்மா தில்லையம்மாள் இருந்தாள்.

மூன்று வருடமாகியும் வயிறு திறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் மருமகள் தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குப் போகும்போது, தில்லையம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இந்த மாசமும் போயிட்டாடி அம்மா!" என்பாள். அந்த நான்கு நாளும் மருமகள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஐந்தாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம்.

1974இல் என்னிடம் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் புருஷன் பெண்டாட்டி இருவரையும் பரிசோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மாதம் தவறாமல் இருபத்தெட்டு நாள், மில் சங்கு ஊதுகிற மாதிரி. எனக்கு ஒரே குஷி. இது என்ன பெரிய விஷயம் என்று உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

"இதோ பாரு தனக்கொடி, மாசத்துக்கு ஒரு தடவ சினைப்பையிலேர்ந்து ஒரு முட்டை வெளிய வரும். உன் கணக்குக்குப் பதினாலாம் நாள் வாக்குல வரும். அது ஒரு நாள்தான் உசிரோட இருக்கும். அதனால பன்னெண்டாம் நாள்லேர்ந்து பதினாறாம் நாள் வரைக்கும் சேர்ந்து இருங்க. அதுக்கு முன்னால விலகியே இருங்க, அப்பதான் அவரு உடம்புல சத்து சேரும்."

கடைசி வாக்கியத்தை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகச் சேர்த்தது. பெரிய டாக்டர் என்று நினைப்பு எனக்கு!

"காலண்டர்ல குறிச்சி வெச்சிக்கிறேன்க்கா" என்றாள். சந்தோஷமாகப் போனாள்.

வருடங்கள் போயின. ஆடி வெள்ளிக்கு வெள்ளி வீராம்பட்டினத்து அம்மன் கோயிலுக்கு நடந்தே போனாள், தொட்டில் கட்டினாள். தில்லையம்மாள் மகனுக்கு இரண்டாம் தாரம் பார்த்தாள். இருசப்பன் முதல்முறையாக அம்மாவை எதிர்த்து, "எனக்கு இவ போதும், வுட்டுடும்மா" என்றார். பெரிய மார்க்கெட்டில் என்னைப் பார்க்கிற போதெல்லாம் தனக்கொடி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கிட்டே வந்து, "ஒரு நாளு கூடத் தப்பலக்கா, நீ சொன்ன கணக்குதான்" என்பாள். நான், "விடாதே, நடக்கும்" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு தடவையாவது, எந்த நாளிலிருந்து எண்ணுகிறாய் என்று கேட்டேனா? கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

1987இல் ஒரு நாள் காலையில் ஓடிவந்தாள். நாற்பத்திரண்டு வயதுக்காரி மூச்சிரைக்க நின்றாள்.

"ரெண்டு மாசமா வரலக்கா. நின்னுபோச்சி. அம்மன் கண்ணத் தொறந்துட்டா!"

கையில் ஒரு கட்டு. தினம் கிழிக்கிற காலண்டரின் தாள்கள், நூலால் கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு குங்குமப் பொட்டு. பதின்மூன்று வருடத்துத் தாள், நூற்றறுபதுக்கு மேல் இருக்கும். ஒன்றைக்கூட அவள் தூக்கிப்போடவில்லை.

நாள் கணக்குப் போட மேல் தாளை எடுத்தேன். "இதுதானே தூரம் வந்த நாள்?"

"இல்லக்கா. இது தலைக்கு ஊத்திக்கினு உள்ள வந்த நாளு. காலண்டர் சாமி படத்துக்குப் பக்கத்துலதான மாட்டியிருக்குது? தூரத்துல இருக்கிறவ அதத் தொடலாமா?"

"அப்ப எண்ணுனது?"

"பொட்டு வெச்ச நாள்லேர்ந்துதான்."

தூரம் வந்த அன்றையே முதல் நாளாக வைத்து எண்ண வேண்டிய கணக்கு அது. ஐந்தாம் நாள் அவளுக்கு முதல் நாள். அவளுடைய பன்னிரண்டு, உண்மையில் பதினாறு. மாதா மாதம் முட்டை வந்து, இருந்து, செத்துப்போன பிறகுதான் அந்த இரண்டு பேரும் சேர்ந்திருக்கிறார்கள். அதுவரை சத்து சேர்கிறது என்று விலகிப் படுத்திருக்கிறார்கள், என் பேச்சைக் கேட்டு! பாவி, பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. மாதவிலக்கு நிற்கிற வயதுதான், இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அந்தத் தாளப் பாத்ததுலேர்ந்து உன் மூஞ்சியே சரியில்ல. இன்னான்னு சொல்லுக்கா."

சொன்னேன். மறைக்க முடியவில்லை.

"எத்தினி நாளு தள்ளிப் போச்சி?"

"நாலு நாள்."

"நாலே நாளா?" என்றாள். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "என்னத் திட்டுடி" என்றேன். "உன்னத் திட்டி இன்னா ஆவப்போவுது? பதிமூணு வருசம்க்கா" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பகல் ஷிப்ட் முடிந்ததும் இருசப்பன் சைக்கிளில் வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, "இன்னா சொன்னாங்க?" என்றார்.

தனக்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "ஒண்ணும் இல்லீங்க. எனக்கு வயசாயிடுச்சாம்."

அவர் அவள் கையிலிருந்த கட்டை வாங்கி, சைக்கிள் கூடையில் பத்திரமாக வைத்தார். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வருத்தப்படாதீங்க நர்சம்மா. நீங்க சொன்னதுல நாங்க ஒரு நாளு கூடத் தப்பல."

"ஆமாங்க, தப்பல" என்றேன்.