பெற்றீசியா அம்மா எழுதாமல் வைத்திருந்த சொல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் பெற்றீசியா அம்மாவுக்கு மொத்தம் நாற்பது, ஐம்பது இங்கிலீஷ் சொற்கள்தான் தெரியும். எனக்கு அகராதியில் பாதி மனப்பாடம். நான் பொன்னையா, தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் மூக்குடைபடுகிறவன் நான்தான்.

அவர் எங்கள் தோட்டம் இருக்கும் பொகவந்தலாவைக்கு வந்தது 1948இல். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்தவர். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல், கண்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குப் போனார். பிறகு அங்கேயே பிரசவம் பார்க்கப் படித்துக்கொண்டார். சொற்களின் அளவைக் கற்றதும் அங்கேதான். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. நர்ஸ் சொல்லும் சொல்லைக் கேட்டுவிட்டு டாக்டரைப் பார்ப்பாராம். 'லிட்டில்' என்றால் டாக்டர் எழுதிக்கொண்டே இருப்பார். 'சம்' என்றால் தலையை நிமிர்த்துவார். 'மச்' என்றால் பேனாவைக் கீழே வைப்பார். 'ஹெவி' என்றால் எழுந்து நடப்பார்.

"அதுக்கு மேல எதுவும் இல்லீங்களா?" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"இருக்குங்க ஐயா. தேவைப்பட்டா எழுதுவேன்" என்றார்.

தோட்டத்தில் ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லொறி வேண்டுமென்றால் தோட்டத்து மேலதிகாரியான துரைக்கு இங்கிலீஷில் ஒரு துண்டுச் சீட்டு எழுத வேண்டும். அந்தத் துண்டுகள் என் கை வழியாகத்தான் போகும், திரும்பி வந்தால் கோப்பில் கோர்ப்பவனும் நான்தான். பெற்றீசியா அம்மாவின் துண்டுகளைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். ராசம்மா, சம் ஃபீவர். காளியாயி, லிட்டில் பிளட். கல்யாண வீட்டில் நெய்யைச் சொட்டுச் சொட்டாக விடுகிறவர்கள் உண்டே, அப்படி எழுதுவார். "கொஞ்சம் பெருசாப் போட்டா லொறி சீக்கிரம் வரும்ங்க" என்று நான் யோசனைகூடச் சொன்னேன். "இருக்கிறதைத்தாங்க எழுதணும்" என்றார்.

என் எழுத்து அப்படியில்லை. ஆபீஸ் கூரை ஒழுகியபோது 'இனார்மஸ்' ஓட்டை, பிரம்மாண்டமான ஓட்டை என்று துரைக்கு எழுதினேன். துரை குடையோடு வந்து, மேசைமேல் ஏறி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இறங்கி என் கடிதத்தின் ஓரத்தில் 'ஒரு விரல்' என்று எழுதிவிட்டுப் போனார். இன்னொரு தடவை ரோட்டில் 'டிரெமெண்டஸ்' பாறை விழுந்திருப்பதாக எழுதினேன். துரை இருபது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் இரண்டு பேர் அதை உருட்டிவிட்டார்கள். அன்று துரை இங்கிலீஷில் சொன்னது இது: "பொன்னையா, உன் கடிதத்தை நான் நாலால் வகுத்துத்தான் படிக்கிறேன்." அதையும் ஒரு பாராட்டு மாதிரி நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

1957ஆம் வருடம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. என் மனைவி சண்முகவடிவுக்கு ஆபீஸ் குவாட்டர்சில் பிரசவம். பெற்றீசியா அம்மா காலைப் பூசைக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார். பதினொரு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அழுகுரல் கேட்டு நான் வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாகியும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் மட்டும் கேட்டது.

"கொஞ்சந்தான் தாயி. ஒண்ணுமில்ல. கண்ண மூடாம என்னையே பாருங்க."

கொஞ்சம்தானே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு வெளியே வந்தார். கையைத் துடைத்தார். புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுவரில் வைத்து எழுதி, நாலாக மடித்தார். அவர் கை நடுங்கவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"துரை கையில குடுங்க ஐயா. வேற யாருகிட்டயும் குடுக்காதீங்க. ஒரு எழுத்துகூடச் சேர்க்காதீங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தோட்டத்து லொறி அன்று அட்டனுக்குப் போயிருந்தது. இருந்தது துரையின் சொந்தக் கார் ஒன்றுதான். அதில் அதுவரை தோட்டத்து நோயாளி ஒருவரும் ஏறியதில்லை. பங்களாவுக்கு அரை மைல் ஏற்றம். பாதி வழியில் மனது கேட்காமல் ஒரு மரத்தடியில் நின்று துண்டைப் பிரித்தேன். நாலைந்து சொல்லில் முடிகிற விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்: இரத்தம் போகிறது, கார் வேண்டும். ஆனால் இரத்தத்துக்கு முன்னால் 'கிரேட்' என்று இருந்தது.

ஒன்பது வருஷமாக நான் கோர்த்த துண்டுகளில் அந்தச் சொல்லைப் பார்த்ததே இல்லை. உள்ளே கொஞ்சந்தான் என்று சொன்ன வாய், வெளியே வந்து எழுதிய சொல் இது. சண்முகவடிவு சாகப்போகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

உடனே இன்னொரு பயம். கொண்டு போகிறவன் நான். துரை என் முகத்தைப் பார்த்து நாலால் வகுத்துவிட்டால்? எங்கள் பள்ளிப் புத்தகத்தில் ராஜாக்களுக்குப் போட்ட சாதாரணச் சொல்தானே கிரேட், என் இனார்மசுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டேன். ஒரு எழுத்துகூட என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் ஒரு சொல் எழுதினால் அது அவருடைய துண்டாக இருக்காது, என்னுடையதாகிவிடும். என் துண்டுக்கு யார் காரை எடுப்பார்கள்? பேனாவை மூடிவிட்டு ஓடினேன்.

துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். துண்டைப் பிரித்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் ஓடினார். டிரைவருக்காகக் காத்திருக்கவில்லை, கழுத்தில் செருகிய துணியோடு தானே காரை எடுத்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வளைவில் திரும்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "இந்தச் சொல்லை அந்த அம்மா எனக்கு எழுதியதே இல்லை."

சண்முகவடிவைப் பின்சீட்டில் கிடத்தி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பெற்றீசியா அம்மா சீட்டுக்குக் கீழே காரின் தரையில் முழந்தாளிட்டு, என் மனைவியின் அடிவயிற்றை முஷ்டியால் அழுத்திப் பிடித்தபடியே வந்தார். அத்தனை வளைவிலும் கையை எடுக்கவில்லை. பிள்ளை என் மடியில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. அரை மணி பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

சண்முகவடிவு பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மத்தியானம் கோப்பை எடுத்து அவருடைய துண்டுகள் எல்லாவற்றையும் புரட்டினேன். முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. லிட்டில் நிறைய, சம் நிறைய, மச் கொஞ்சம், ஹெவி ஆறு. கிரேட் ஒன்றுதான், அது என் வீட்டுத் துண்டு. ஒரு சொல்லை ஒன்பது வருஷம் செலவழிக்காமல் வைத்திருக்க எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும் என்று நினைத்து நினைத்து மலைத்துப் போனேன். அடுத்த மாதம் கூரை மறுபடி ஒழுகியது. 'இரண்டு விரல்' என்று எழுதினேன். மறுநாளே தகரம் வந்தது.

1964இல் அவருக்குப் பூண்டுலோயாப் பக்கம் மாற்றல் வந்தது. கடைவீதியில் பஸ் ஏற்றிவிட நாங்கள் மூன்று பேரும் போனோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பஸ் வரும்வரை பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் ஏழு வருஷமாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு உள்ள கொஞ்சந்தான்னு சொன்னீங்க. வெளிய வந்து கிரேட்னு எழுதினீங்க. எதைங்க நான் நம்புறது?"

பெற்றீசியா அம்மா சண்முகவடிவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவங்க பயந்தா உசிரு நிக்காதுங்க ஐயா. நான் பயந்தா என் கை நிக்காது. அதான் பயத்தைப் பூரா மடிச்சு உங்க கையில குடுத்தனுப்புனேன்."

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்ற நான் கையைத் தூக்கினேன், கை நடுங்கியது. சண்முகவடிவுதான் பெட்டியை வாங்கி ஏற்றினாள்.