தாண்டிப்போன பிள்ளை

ஜானட்டுக்கு அருவருப்பே கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ரத்தம், சளி, மலம், சீழ் பிடித்த கட்டுத்துணி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிடுவாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஓங்கரித்தால், "நோவாளி வேணும்னா பண்றான்? தன்னால வருது. அதுல இன்னா அசிங்கம்?" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குச் சொந்த வீட்டில்தான் குமட்டியது.

வீடு காலடிப்பேட்டையில், இரண்டாம் மாடியில் இரண்டு அறை. கணவன் அருள்பிரகாசம் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர் ஓட்டுகிறான். மகன் ஆண்ட்ரூவுக்குப் பதினெட்டு வயது, பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். மகள் அமலி ஆறாம் வகுப்பு.

அன்று செவ்வாய்க்கிழமை. அமலிக்குக் காய்ச்சல். ஆண்ட்ரூவுக்குப் பரீட்சை லீவு. வேலைக்குக் கிளம்பும்போது, "தங்கச்சியப் பாத்துக்கோடா. கஞ்சி கீது, சூடு பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிம்மா" என்றான்.

மாலை நாலரைக்குத் திரும்பியபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. முன்னறைத் தரையில் தினத்தாள் விரித்திருந்தது. அது நனைந்து, தரையோடு ஒட்டி, அதன்மேல் ஈக்கள். ஒரு முழம் தள்ளிப் பாயில் அமலி. முடியெல்லாம் வாந்தி காய்ந்து கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது. பாவாடை நனைந்திருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. ஜானட் தள்ளினாள்; சட்டென்று திறக்கவில்லை. நாற்றம் வராமலிருக்கக் கதவின் அடியில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பனும் பிள்ளையும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்படா வாந்தி எடுத்தா?"

"பன்னெண்டு மணி இருக்கும்."

"இப்ப மணி இன்னா?"

"பேப்பர் போட்டு மூடித்தானே வெச்சேன். எனக்குக் கொமட்டுதும்மா. நீ வந்து பாத்துப்பேன்னு உட்டுட்டேன்."

"நீ எப்ப வந்தே?" என்று கணவனைக் கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு. இன்னாத்துக்கு இப்ப கத்துற? ஆம்பளைக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? நீதான் பழகுனவ."

முன்னறையிலிருந்து அமலியின் குரல் ஈனமாக வந்தது. "தண்ணி கேட்டேம்மா. அண்ணன் வாசப்படியாண்ட வெச்சிட்டுப் போய்டுச்சு. என்னால எழுந்துக்க முடியல."

டம்ளர் வாசற்படியில் இருந்தது. நிறையத் தண்ணீர், உள்ளே ஒரு ஈ.

ஜானட் அமலியைத் தூக்கிப்போய் வெந்நீரில் குளிப்பாட்டி, உடை மாற்றினாள். அழுக்குத் துணிகளையும் போர்வையையும் குளியலறை வாளியில் ஊறப் போட்டாள். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அருள்பிரகாசம், "தரைய யாரு கழுவுவா?" என்றான்.

"வூட்ல ரெண்டு பேரு கீறீங்க இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் தொற்று என்று இரண்டு நாள் படுக்கையில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தான் துடைக்கும் வார்டிலேயே, மகள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் ஜானட். ஆண்ட்ரூவுக்குப் பதிமூன்று வயதுவரை மீனில் முள் எடுத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவன் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுவான். முள் மிதக்கும் அந்தத் தட்டை ஏழு வயதிலேயே அமலிதான் ஸ்டூல் போட்டு ஏறி நின்று கழுவினாள். ஜானட்டும், அவன் பையில் ஒரு வாரம் கிடந்து புழு வைத்த டிபன்பாக்ஸை அவனுக்கே தெரியாமல் எடுத்துக் கழுவியிருக்கிறாள். குளியலறையில் அவன் உருவிப்போட்ட ஈர ஜட்டியைத் தினமும் பிழிந்திருக்கிறாள். 'எங்க ஆண்ட்ரூ ரொம்ப சுத்தம், ஒரு ஈ உக்காந்தாகூட சாப்ட மாட்டான்' என்று மாதா கோயிலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்புதான் இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அருள்பிரகாசம் போன் செய்தான். "எப்ப வர? வூட்டுல கால் வெக்க முடியல, ஒரே கலீஜா கீது" என்றான். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பான் என்று கொஞ்சநேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வீடு திரும்பியபோது தரை பளிச்சென்றிருந்தது. பினாயில் வாசனை. ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு இளகியது. "நீயாடா கழுவுன?" என்றாள். ஆண்ட்ரூ போனைப் பார்த்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டான்.

எதிர்வீட்டு உமைமா நோன்புக்கஞ்சி மாதிரி குழைத்த கஞ்சியை அமலிக்குக் கொண்டுவந்தாள். அறுபது வயது, முட்டிவலிக்காரி. "நேத்து உன் வூட்டுக்காரரு வந்து நின்னாரு. ஜானட் இல்ல, கொஞ்சம் பாருங்கன்னாரு. நான்தான் சொரண்டிக் கழுவி உட்டேன். காஞ்சு போச்சும்மா, ஒரு மணி நேரம் ஆச்சு. ஆம்பளைங்க பாவம் இன்னா பண்ணுவாங்க?"

ஜானட் உமைமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உமைமா போனதும் குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. போர்வைமேல் வெள்ளையாகப் பூசணம் பிடித்து, தண்ணீர் கொழகொழவென்றிருந்தது. இரண்டு நாளாக இரண்டு பேரும் அதன் பக்கத்திலேயே நின்று குளித்திருக்கிறார்கள்.

வாளியைத் தூக்கிவந்து ஆண்ட்ரூ முன்னால் வைத்தாள். "தொவை."

"அம்மா, வாந்தி வருதும்மா."

"ஏன் அவன டார்ச்சர் பண்ற? எடுத்துடப் போறான்" என்றான் அருள்பிரகாசம்.

"எடுக்கட்டும். அத்தயும் அவனே கழுவட்டும்."

ஆண்ட்ரூ மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு, இரண்டு விரலால் போர்வையைத் தூக்கினான். ஓங்கரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. ஜானட் கதவோரம் நின்று பார்த்தாள். கை தானாக முன்னே போனது, இழுத்துக்கொண்டாள். அரைமணி கழித்து, "போதுமா?" என்று கத்தினான். அவள் போர்வையை விரித்துப் பார்த்தாள். நடுவில் கறை அப்படியே இருந்தது.

"போதாது. இன்னொரு வாட்டி."

அதற்குப்பிறகு அருள்பிரகாசம் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. பெத்த பிள்ளையை இப்படிப் பண்ணுகிறாளே என்று தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஜானட் சட்டை செய்யவில்லை. இப்போதெல்லாம் சட்டியை நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள், யாருக்கும் பரிமாறுவதில்லை. பிள்ளை மென்று தின்னும் சத்தம் கேட்டாலே அவளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பெத்தவளுக்கு இப்படித் தோன்றலாமா என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்கலாமென்று நினைத்தாள். கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அமலி பழக்கதோஷத்தில் அண்ணன் தட்டையும் சேர்த்து எடுத்தாள்.

"கீழ வை அத்த" என்றாள் ஜானட்.

அமலி பயந்துபோய் வைத்தாள். ஆண்ட்ரூ போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தட்டு காய்ந்தது. ஈ வந்தது. ஜானட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். சாயங்காலம் ஆனபிறகுதான் அவன் முனகிக்கொண்டே எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனான்.