கரடி என்று பெயர் வாங்கியவள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலும் கண்ணாடி ஃபிரேமில் நிற்காது, அவசரப்பட்டால் விரிசல். பேச்சு குறைந்த வேலை. அவளுக்கும் அது பிடித்திருந்தது.

பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் அவள் வீட்டுக்காரருக்கோ வாய் ஓயாது. ஞாயிறு மதியம் நூலக மாடியில் கூடும் பலகை விளையாட்டுக் குழுவில் ஓர் ஆள் குறையவே, அவளையும் இழுத்துப்போனார். மேசை நிறைய ஒரு வரைபடம். அதில் ஓடும் ரயில் கம்பெனிகளின் பங்குகளை வாங்கலாம், விற்கலாம். எந்தக் கம்பெனியில் யாரிடம் அதிகப் பங்கோ, அவர்தான் அதற்குத் தலைவர். எஞ்சினும் பணமும் இல்லாமல் கம்பெனி படுத்தால், தலைவர் தன் கைக்காசைப் போட்டு எஞ்சின் வாங்கித் தர வேண்டும். பகடை கிடையாது, எனவே அதிர்ஷ்டத்தின் மேல் பழிபோடவும் வழியில்லை.

தொடக்கத்தில் தோற்றுக்கொண்டே இருந்தாள். பிறகுதான் ஒன்று பிடிபட்டது: எப்போது வாங்குவது என்றே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், எப்போது கழன்றுகொள்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அதன்பின் விலை சரியும்போதெல்லாம் அவள் கை ஓங்கியது. சந்தையில் சரிவை நம்புகிறவரைக் கரடி என்பார்கள். குழுவிலிருந்த தபால்காரர் அவளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

“வீட்ல கரடி விடுறது நான். பேரை மட்டும் இவ தட்டிட்டுப் போயிட்டா” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

வருடாந்தர இறுதி ஆட்டத்தன்று காலையில், “நாம ரெண்டு பேரும் ஒத்துமையா நின்னா மத்தவங்க தூசு” என்றார். “பாக்கலாம்” என்றாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆட்டத்தில் அவள் நீலக் கம்பெனிக்குத் தலைவி. பெண்டாட்டி கம்பெனிதானே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு அதில் பங்குகளை வாங்கிக் குவித்தார். அவள் நீலத்தின் ஒரே எஞ்சினைத் தான் தலைமை வகித்த இன்னொரு கம்பெனிக்கு மாற்றினாள். அடுத்த முறை வந்ததும் நீலப் பங்குகளை விற்றாள். தலைமை அவர் தலையில் விழுந்தது. ஓட்ட எஞ்சின் இல்லை, கல்லாவும் காலி. புது எஞ்சினுக்காக அவர் கையிலிருந்த எல்லாப் பங்குகளையும் விற்று ஓட்டாண்டியானார். அவள் ஜெயித்தாள்.

தபால்காரர் கைதட்டினார். செய்தது உறுத்தும் என்று எதிர்பார்த்தாள், உறுத்தவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

பஸ்ஸில் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“என் காலையே வாரிட்டியே.”

“நீங்க ஏன் நான் என்ன பண்றேன்னு பாக்கல?”

“நீதானேன்னு நம்பினேன்.”

“வீட்ல நம்புங்க. அங்க நான் எதிராளி.”

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவள் தனியாகப் போய் விளையாடிவிட்டு வந்தாள். சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், அவசியமானதை மட்டும் பேசினார்கள். வாய் ஓயாதவர் மௌனமானால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மன்னிப்பு கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். குழுவில் எப்போதும் அவள் பக்கத்தில் உட்காருபவர் அன்று எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

“கரடியம்மா, உங்க கம்பெனிப் பங்கு எனக்கு ஒண்ணுகூட வேணாம்.”

மேசையே சிரித்தது. அன்றும் அவர் தோற்றார். ஆனால் கடைசிச் சுற்றுவரை அவளை மூச்சுவிட விடவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவள் எங்கெங்கே தப்புப் பண்ணினாள் என்று அளந்துகொண்டே வந்தார். அதில் ஒன்று சரிதான் என்று அவளுக்குப் பட்டது. அதை அவரிடம் சொன்னாள்.