அக்காவின் ஷூவை மன்றத்தில் ஏற்றிய கதை

என் அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து, இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. அதோடுதான் படித்தாள், சத்துவாச்சாரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானாள், கல்யாணமும் செய்துகொண்டாள். ஆனால் அவளுக்கென்று அடிப்பாகம் உயர்த்திச் செய்து வாங்கிய ஷூக்கள் ஒவ்வொன்றும் செங்கல் கனம். பிள்ளைகள் முன்னால் அந்த ஷூவைப் போட்டு நிற்கப் பிடிக்காமல், மேஜைக்குப் பின்னால் நின்றே பாடம் நடத்துவாள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில், புது மாடல்களுக்குப் பேட்டர்ன் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தே இராத வெளிநாட்டுக் கால்களுக்கு அத்தனை மாடல் போட்டவள், வீட்டிலிருக்கிற கால் ஒன்றுக்குப் போட முடியாதா என்று எனக்கு ரோஷம் வந்தது. பஜாரில் துண்டுத் தோல் வாங்கி, கனம் குறையட்டும் என்று கார்க் வைத்து, உயரத்தில் பாதியை ஷூவுக்குள்ளேயே மறைத்து ஒரு ஜோடி செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. அக்கா நாலடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயிட்டு கம்மிதான்டி. ஆனா முன்னாடி தரையில தட்டுது, உழுந்துடுவேன் போல இருக்கு."

எங்கே தவறு என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் சாம்பிள் ரூமில் யாரும் இப்படி ஒரு ஷூ செய்ததில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஆம்பூரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. அப்படி ஒன்றில் தேடியபோது, பல நாட்டுச் செருப்புக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு இணைய மன்றம் கண்ணில் பட்டது. கம்பெனியில் பழகிய இங்கிலீஷில் என் சந்தேகத்தை எழுதினேன். படம் இல்லாமல் சொல்வது கஷ்டம், படம் போடுங்கள் என்று பதில் வந்தது.

அக்காவிடம் கேட்டேன்.

"போடு. மூஞ்சி வேணாம். எவனாவது ஐயோ பாவம்னு எழுதினா அன்னிக்கே எடுத்துடு."

அக்கா கணவரான மாமாவின் டிஜிட்டல் கேமராவில், ஷூ போட்ட காலைப் படம் எடுத்தோம். சென்டருக்குக் கொண்டுபோய் மன்றத்தில் போட்டேன். என் திரையில் அழகாகத் தெரிந்தது. மறுநாள் போனால், படமே இல்லை, சிவப்புப் பெருக்கல் குறிதான் தெரிகிறது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். சென்டர் நடத்திய பாய் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"படம் நம்ம கம்ப்யூட்டர்லயே கீது மேடம். நீங்க நம்ம கம்ப்யூட்டர் அட்ரஸைக் குடுத்துட்டீங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல நெட்ல ஏத்தணும், அப்புறம் அந்த அட்ரஸைக் குடுக்கணும்."

அவரே ஏற்றிக் கொடுத்தார். இந்த முறை படம் எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் திரையைத் தாண்டி ஓடியது. மன்றத்தைக் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர் என்னைத் திட்டாமல், பொதுவில் சொல்லாமல், எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். படம் இவ்வளவு அகலமாக இருந்தால் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கப் பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருக்கிறது, டெலிபோன் லைன் வழியாக நெட்டுக்கு வருகிறவர்களுக்குத் திறக்கவே நேரமாகும், தயவுசெய்து சுருக்குங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், கேமராவைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் எடுங்கள்.

எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் செருப்பை எங்கே விடுவது என்று சொல்வது போல இருந்தது. அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து அக்கா வீட்டுக்குப் போய், வெள்ளைப் போர்வை விரித்து, ஸ்கேல் வைத்து, தரையோடு படுத்து எடுத்தேன். மாமா டார்ச் பிடித்தார். மூன்றே படம், மூன்றும் சுருக்கியது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி விளக்கம்.

ஐயோ பாவம் என்று ஒருவரும் எழுதவில்லை. தையலைப் பாராட்டினார்கள். பிறகு ஒருவர் கேட்டிருந்தார்: "உங்கள் படத்தின் மேல் நான் கோடு போடலாமா? வேண்டாமென்றால் போடமாட்டேன்." தாராளமாக என்று எழுதினேன். என் படத்திலேயே, விரல்களுக்குக் கீழே அடிப்பாகத்தை முன்னோக்கி மேலே சரித்து ஒரு சிவப்புக் கோடு வரைந்து திருப்பிப் போட்டார். பார்த்ததுமே விளங்கிவிட்டது. சாதாரண ஷூ நடக்கும்போது தானாக மடங்கும். உயர்த்திய அடிப்பாகம் மடங்காது. அதனால் அது ஆடும் நாற்காலியின் கால் போல வளைந்து உருள வேண்டும். நான் தட்டையாக விட்டிருந்தேன்.

அன்று சாயந்திரமே தேய்த்துச் சரித்தேன். சரிவு போதாமல் மறுபடி தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஹாலில் நடந்தாள், பிறகு வாசலுக்கு, பிறகு தெருமுனை வரை. நானும் மாமாவும் பின்னாலேயே போனோம். திரும்பி எங்களைப் பார்த்து, "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் ஊர்கோலம் வர்றீங்க?" என்றாள்.

புது ஷூவின் படத்தை, கோடு போட்டவருக்கு நன்றி சொல்லிப் போட்டேன். வேறொரு தேசத்துத் தாய், தன் மகளுக்கும் இதே மாதிரி கால் என்றும், இந்தப் படங்களை அச்செடுத்துத் தங்கள் ஊர் ஷூக்காரரிடம் காட்டலாமா என்றும் கேட்டார். கால் அக்காவுடையது, அவள்தான் சொல்ல வேண்டும் என்று அவளை ஆம்பூருக்கு வரவழைத்து சென்டரில் உட்கார வைத்தேன். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்: காட்டுங்கள். செய்தது என் தங்கை. போட்டு நடப்பது ஒரு கணக்கு டீச்சர் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து அந்தப் பெரியவர், மன்றத்தில் படம் போடுவது எப்படி என்ற விதிகளின் கீழே, உதாரணமாக என் மூன்று படங்களையும் வைக்க அனுமதி கேட்டார். அக்காவைக் கேட்டுச் சரி என்றேன். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். சாம்பிள் ரூமில் யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அக்காதான் ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொல்லி, பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தும் காட்டியிருக்கிறாள். காட்டும்போது, மேஜைக்குப் பின்னால் போகாமல் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாளாம்.