பூவராகவன் குடிவைத்த வெள்ளைக்காரர்கள்

பூவராகவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதை எழுதிவிட வேண்டும். அவனுக்குக் கடல் ஒத்துக்காது. கட்டுமரம் முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். அது குற்றம் இல்லை. எங்கள் குப்பத்தில் அப்படி இன்னும் ரெண்டு மூணு பேர் உண்டு. அவர்கள் கரையில் உட்கார்ந்து வலை தைப்பார்கள், கருவாடு காயப் போடுவார்கள், மரம் செதுக்குவார்கள். இவன் அதில் ஒன்றும் செய்யவில்லை. இவன் பேண்ட் போட்டான்.

அடையாற்றில் ஒரு பங்களாவில் நாலு வருஷம் தட்டு கழுவினவன். திரும்பி வரும்போது கொண்டுவந்தது அந்தப் பேண்ட்டும், 'நோ டிரபிள் சார்' என்ற இங்கிலீஷும்தான். மகாபலிபுரம் பஸ் நிற்கிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் பின்னால் சுற்றுவான். எங்கள் குப்பம் அங்கிருந்து வடக்கே ரெண்டு மைல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோறு தயாராக இருக்கும். அதை ஆக்கி வைத்தவள் வச்சலா, அவன் பெண்சாதி. மீன் கூடையைத் தலையில் வைத்துக் கால்வாய் தாண்டித் திருப்போரூர் வரை நடந்து விற்று, ஓட்டு வீடு கட்டினவள் அவள். ஊரில் அந்த வீட்டுக்குப் பேர் மட்டும் பூவராகவன் வீடு.

எழுபத்துமூணாம் வருஷம் மாசி மாசம் அந்த வீட்டுக்கு ரெண்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டி வந்தான். புருஷன் பெண்சாதி. ஹாலந்து தேசமாம். கட்டுமரம் எப்படிக் கட்டுகிறோம் என்று படித்துப் புஸ்தகம் எழுத வந்தவர்களாம். கயிறு போட்டு நாலு மரத்தைக் கட்டுவதற்கு எதற்குப் புஸ்தகம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவன் பேர் ஹெண்ட்ரிக். எங்கள் வாயில் அது எந்திரி என்று ஆயிற்று. அவள் பேர் மாரிட். மூணாம் நாளே பொம்பளைகள் மாரியம்மா ஆக்கிவிட்டார்கள்.

வெளி ஆள் குப்பத்தில் தங்கணும் என்றால் பஞ்சாயத்து ஒத்துக்கணும். நாட்டார் அப்பாசாமி செல்லியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டுக் கேட்டார்.

"கூட்டியாந்தவன் நீ. நம்ம கட்டுப்பாடு அதுங்களுக்குத் தெரியாது. நீதான் சொல்லித் தரணும். ஒண்ணு தப்பாச்சுன்னா மறுநாளே மூட்ட கட்டணும். இன்னா சொல்ற?"

"நான் கீறன் நாட்டாரே. நோ டிரபிள்."

"அந்தப் பேச்செல்லாம் பஸ் ஸ்டாண்டுல வச்சிக்க."

அன்றைக்கே வச்சலாவையும் ரெண்டு பெண் பிள்ளைகளையும் வீட்டுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கிற கீற்றுக் கொட்டாய்க்குத் தள்ளினான். அவள் கட்டின வீடு, அவள் மெழுகின அடுப்பு. இவனும் கூடக் கொட்டாயில் படுத்தான் என்றால் சரி. இவன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் இருக்கிறேன் என்று படுத்துக்கொண்டான்.

வெள்ளைக்காரர்கள் பாடு பார்க்கப் பரிதாபம். வாசல்படி குட்டை, எந்திரி ஒட்டகம் மாதிரி உயரம். ஒரு மாசத்துக்கு நெற்றியில் புடைப்பு இறங்கவே இல்லை. மாரியம்மா குடத்தைத் தலையில் வைத்தாள், கிணற்றிலிருந்து வீடு வருவதற்குள் அரைக் குடம் ஜாக்கெட்டுக்குள் போனது. இதெல்லாம் யாருக்கும் வரக்கூடியது. ஆனால் வந்த நாலாம் நாள் விடியற்காலையில் ரெண்டு பேரும் துண்டைத் தோளில் போட்டுக் கடலில் குளிக்கப் போனார்கள். எந்தப் பக்கம்? ஆம்பளைகள் ஒதுங்குகிற பக்கம். பதினைந்து பேர் குந்தி இருக்க, நடுவில் புகுந்து 'குட் மார்னிங், குட் மார்னிங்' என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாங்கள் பட்ட அவஸ்தை எங்களுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு நானே பூவராகவனைப் பிடித்துக் கேட்டேன். "ஏண்டா, எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லக் கூடாதா?"

"தொரைகிட்ட அதெல்லாம் எப்டி அண்ணாத்த சொல்றது? அசிங்கமா கீது."

எதையும் அவன் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தந்தால் அவர்களே பிழைத்துக்கொள்வார்கள், இவன் எதற்கு? எங்களிடம் வந்து, அவங்க பெரிய இடம், கிட்டப் போகாதீங்க என்பான். அவர்களிடம் போய், ஊர்க்காரன் திருடன், எது வேணும்னாலும் என்னைக் கேளுங்க என்பான். தீப்பெட்டி வாங்கினால்கூட இவன் கையால்தான் போகணும்.

வச்சலாதான் சத்தம் இல்லாமல் சொல்லித் தந்தாள். இடுப்பில் குடம் வைக்க, உலையில் அரிசி போட, மத்தி மீனுக்குச் செதில் எடுக்க. இவளுக்கு இங்கிலீஷ் கிடையாது, அவளுக்குத் தமிழ் கிடையாது. கையாலேயே பேசிக்கொண்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் மாரியம்மா 'தண்ணி வேணும்', 'மீனு இன்னா வெல' என்று பேச ஆரம்பித்துவிட்டாள். எந்திரி எங்கள் அருணகிரியிடம் மரம் செதுக்கப் போய் உட்கார்ந்தான். வாய்ச்சி பிடித்துப் பிடித்துக் கை எல்லாம் கொப்புளம். அருணகிரி யாரையும் மதிக்காத ஆள். அவனே, "பரவால்ல, பூவராகவன விட இவன் நம்மாளு" என்றான். நாலு மரம் எந்திரிக்கென்று வந்து இறங்கி, பாதி செதுக்கியாயிற்று. தை பிறந்ததும் கடலில் தள்ளுவதாகப் பேச்சு. அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவான், பிள்ளை பெற்றவன் மாதிரி.

கார்த்திகை மாசம் ஒரு விடியற்காலை சடையன் செத்துப்போனார். பெரிய வலைக்காரர், ஊரில் மூத்த கை. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பொணம் எடுக்கிற வரைக்கும் மரம் கடலில் இறங்காது, எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பணக்காரன் ஏழை கிடையாது. சடையன் மகன் சம்பத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. தந்தி கொடுத்து அவன் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும் என்று ஆயிற்று. அதுவரை எல்லாருக்கும் பட்டினி. பிள்ளைகளைப் பக்கத்துக் குப்பத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பினோம். பசி பொறுக்காதவன் மகாபலிபுரம் டீக்கடைக்கு நடந்து போய்த் தின்றுவிட்டு வந்தான். அதில் தப்பு இல்லை.

வச்சலா காலையிலேயே மாரியம்மாவிடம் போய் அடுப்பைக் காட்டிக் கையை ஆட்டினாள். சாவு வீட்டைக் காட்டினாள். மாரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அந்த ரெண்டு பேரும் வாழைப்பழத்தையும் பன்னையும் தின்று கிடந்தார்கள். சாயங்காலம் சாவு வீட்டுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். பொம்பளைகள் ஒப்பாரி வைத்து ஓய்ந்த நேரம். ஊரே மூச்சுக் காட்டாமல் கிடந்தது. அப்போது பூவராகவன் வீட்டிலிருந்து பம்ப் ஸ்டவ் சத்தம் 'உஸ்'ஸென்று கிளம்பியது. கூடவே வெங்காயமும் முட்டையும் வேகிற வாசனை. பொணத்தண்டை உட்கார்ந்திருந்த கிழவிகள் எல்லாம் தலையைத் தூக்கினார்கள்.

நாலு பேர் போனோம். நானும் ஒருத்தன். உள்ளே மாரியம்மா ஸ்டவ் முன்னால் குந்தி இருந்தாள். எந்திரி தட்டு வைத்துக்கொண்டு இருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வாங்க என்றார்கள். எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றுபோயிற்று. அருணகிரி ஸ்டவ்வில் காற்றைத் திறந்து அணைத்துவிட்டு வெளியே வந்தான். பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. பூவராகவனைக் காணோம்.

மத்தியானம் சம்பத் வந்தான், பொணம் எடுத்தோம். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு, பொழுது சாயும் முன்னே கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. வெள்ளைக்காரர்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு மணலில் உட்கார வைத்தார்கள். பொம்பளைகள் வேலி ஓரம் நின்றார்கள்.

சம்பத் கத்தினான். "எங்கப்பன் பொணமா கிடக்குறாரு. இதுங்களுக்கு முட்ட கேக்குதா, முட்ட?"

நாட்டார் பூவராகவனைப் பார்த்தார். "நீதான பொறுப்பு. சொன்னியா இல்லியா?"

"நூறு தபா சொன்னேன் நாட்டாரே. வெள்ளக்காரன் கேப்பானா? நாம சொன்னா மதிப்பானா? திமிரு."

"அவங்களையே கேளு."

ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவர்கள் பக்கம் திரும்பி என்னமோ சொன்னான். எந்திரி எழுந்து, கை கூப்பி, 'சாரி, சாரி' என்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். அவனுக்கு என்ன கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"ஒத்துக்கறாரு" என்றான் பூவராகவன்.

நாட்டாருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. "அப்ப பேசினபடிதான். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊர விட்டுப் போயிடணும். மரத்த அருணகிரி வேற யாருக்காச்சும் குடுத்துடட்டும். சொல்லு அவங்ககிட்ட."

பூவராகவன் சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அதைச் சொல்லக்கூட முதுகெலும்பு வேண்டுமே.

அப்போதுதான் வேலி ஓரத்திலிருந்து வச்சலா குரல் வந்தது. திருப்போரூர்ச் சந்தையில் கூவி விற்ற குரல், ஊரைக் கூட்டக் கோயில் மணி தேவையில்லை.

"உள்ள போன நாலு பேரையும் கேளுங்க நாட்டாரே. தட்டு எத்தினி இருந்திச்சி?"

ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தோம். மூணு தட்டு. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தட்டில் பாதி தின்ற முட்டை. பார்த்தும் புத்திக்கு எட்டவில்லை. கோபம் வந்தால் நாங்களும் பெரிய புத்திசாலிகள் இல்லை.

"மூணு" என்றான் அருணகிரி.

"ரெண்டு பேரு வூட்ல மூணாவது தட்டு யாருக்கு? நேத்தே நான் அடுப்பு ஏத்தக் கூடாதுன்னு காட்டிட்டன். அதுங்க பழம் தின்னுகினு கிடந்துச்சிங்க. காத்தால இந்த ஆளு உள்ள போனத எம் பொண்ணு பாத்துது. மாரியம்மா, இங்க பாரு." வச்சலா புருஷனைக் கையால் காட்டி, வாயில் கவளம் வைப்பதுபோல் காட்டினாள். "இவரு சாப்ட்டாரா?"

மாரியம்மா ஒரு தடவை புருஷனைப் பார்த்தாள், ஒரு தடவை பூவராகவனைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் அப்போதுதான் இறங்கியது. எழுந்து நின்றாள்.

"பூவராகவன் சொல்லுது, அடுப்பு ஓகே. வெள்ள ஆளுக்கு ஓகே. பூவராகவன் மூணு முட்ட. நாங்க ஒண்ணு, ஒண்ணு."

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு விழுந்த ஊரில் சிரிக்கக் கூடாது, ஆனாலும் சிரித்தார்கள். சம்பத் சிரிக்கவில்லை. நேரே போய் பூவராகவன் சட்டையைப் பிடித்தான்.

"ரெண்டு மைல் நடந்தா டீக்கட கீதே. நடக்க வலிக்குதா உனக்கு? எங்கப்பன் உனக்கு எத்தினி நாளு மீனு குட்த்திருப்பாரு?"

"பசி மச்சான்... தல சுத்திச்சி... நோ..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். இங்கிலீஷ் அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

பசிக்கு முட்டை தின்றதை ஊர் ஒரு மாசத்தில் மறந்திருக்கும். தின்றுவிட்டு, விருந்து வைத்த வீட்டையே காட்டிக் கொடுத்தானே, அதற்குத்தான் அருணகிரி காறித் துப்பினான்.

நாட்டார் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பூவராகவன் சம்பத் காலில் விழணும், விழுந்தான். வெள்ளைக்காரர்கள் இருக்கலாம், அவர்களுக்கு இனி பொறுப்பு வச்சலா. "எல்லாரும் கேட்டுக்கங்க. அவங்களுக்கு ஊர் சேதி எதுவா இருந்தாலும் அந்தப் பொண்ணுகிட்டதான் சொல்லணும். இவன் நடுவுல வாயத் தொறக்கக் கூடாது."

"அப்ப வூடு?" என்றாள் வச்சலா.

"வூடு இன்னா?"

"பொறுப்பு எனுதுன்னா நான் கொட்டாய்ல இருந்து எப்டிப் பாக்கறது? முன்னறை அவங்களுக்கு, அடுப்பங்கரையும் பின்னறையும் எனுக்கும் எம் பொண்ணுங்களுக்கும்."

"நியாயந்தான்" என்றார் நாட்டார்.

இருட்டுவதற்குள் வச்சலா பாயையும் பானையையும் கொட்டாயிலிருந்து எடுத்துப் போனாள். எந்திரி ஒரு கையில் அரிசிப் பானை, ஒரு கையில் சின்னப் பெண் என்று கூடவே போனான், வாசல்படியில் குனிந்து. பூவராகவன் கட்டிலை வாசலில் போடப் பார்த்தான். வச்சலா அதைத் தூக்கிக் கொட்டாய்ப் பக்கம் எறிந்தாள்.

அவன் விடவில்லை. ஜன்னல் ஓரம் போய் நின்று, மாரியம்மாவிடம் 'மேடம், மிஸ்டேக் மேடம்' என்று இழுத்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, வச்சலா சொல்வதுபோல அப்படியே சொன்னாள்.

"போய்யா அந்தாண்ட."

போனான். வேறென்ன செய்வான்?