சுவர்ப் பக்கத்து விளிம்பு

தனியாக மரவேலை செய்கிற ஓடாவிக்கு நீளப் பலகையைப் போல ஒரு தொல்லை வேறில்லை. ஒருவன் வாள் மெஷினில் தள்ள, மற்றவன் அடுத்த பக்கம் நின்று வாங்க வேண்டும். அச்சுவேலியில் என் பட்டறையில் வாங்கி நின்ற என் தம்பி கனடாவுக்குப் போய்விட்டான். அதன் பிறகு எனக்குத் துணை மெஷினும் ரேடியோவும்தான். இரண்டும் என்னைப் பேச விடுவதில்லை.

ஓர் ஆவணியில் சண்டிலிப்பாயிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் மூன்று வேப்பம் பலகைகள் கொண்டுவந்தார். காற்றுக்கு விழுந்த அவருடைய வீட்டு வளவு மரம். மரக்காலையில் அறுத்துக் காயவிட்டது. தனியாக இருக்கிற மனுசி. லண்டனில் இருந்து மகன் குடும்பம் வருகிறதாம்.

“ஓடாவியார், ஆறு பேர் இருந்து சாப்பிடுற மேசை வேணும். எதிரெதிரா இருந்து கதைக்க வேணும், அகலம் குறையக் கூடாது. வேறை மரம் சேர்க்காதேங்கோ.”

மூன்று பலகையும் வளைந்து கிடந்தன. விளிம்பை அறுத்து நேர் எடுக்க எடுக்க அகலம் போகும். எடுக்காமல் ஒட்டினால் இடைவெளி விழும்.

இப்படியான இடத்தில் எல்லாப் பலகையையும் ஒரே அகலத்துக்கு அறுத்துத் தள்ளாதீர்கள். அடிமரப் பக்கம் அகலமாகவும் நுனிப் பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும். அந்த ஒடுக்கத்தை அப்படியே விட்டு, நூல் அடித்துக் கோடு போட்டு நேர் எடுங்கள். பிறகு ஒன்றின் அடியை மற்றதன் நுனியோடு சேருங்கள். வெளி விளிம்புகளைக் கடைசியில் பார்க்கலாம்.

வாங்கி நிற்க ஆள் இல்லாததால், நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பலகையின் அடிமுகத்தில் ஸ்குரூ அடித்துப் பூட்டினேன். சட்டம் வாள் மெஷினின் வழிகாட்டியோடு உரசிக்கொண்டு போக, கோணல் அறுபட்டு விழுந்தது. ஒட்டி அளந்தேன். அகலம் குறையவில்லை. ஒரு வெளி விளிம்பை முடித்து மற்றதற்கு ஆயத்தமானபோது ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார்.

“மகன் அவை வரேல்லையாம். பிள்ளையளுக்கு வேறை எங்கையோ போக ஆசையாம்,” என்றார். விரித்த குடையை மடக்கவே இல்லை. “மற்றப் பக்கம் மினக்கெடாதேங்கோ. சுவரோடை தள்ளிப் போடுவன். நான் ஒராள்தானே, ஒரு பக்கம் நேரா இருந்தாக் காணும்.”

“ஓம்,” என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மனைவி இறந்த பிறகு என் வீட்டு மேசையைச் சுவரோடு தள்ளியவன் நான். சுவரைப் பார்த்துச் சாப்பிடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். வயிறு நிறையும், அவ்வளவுதான். அந்த விளிம்பு கோணலாகவே போனால் மேசை ஒருநாளும் சுவரை விட்டு வராது. நூல் அடித்து அதையும் அறுத்தேன். கையில் சிராய் ஏறாதபடி சீவுளி பிடித்து ஒப்பமாக்கினேன்.

மேசையைக் கொண்டுபோய் இறக்கியதும் ரீச்சர் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?”

“சொன்னனீங்கள் ரீச்சர். நான் கேக்கேல்லை.”

மேசையை ஏற்றிவந்த வான்காரர் அதைச் சுவரோடு தள்ளப் போனார்.

“பொறுங்கோ,” என்றார் ரீச்சர். “கொஞ்சம் விலத்திப் போடுங்கோ. அந்தப் பக்கமும் கதிரை போட்டு இருக்கிற அளவுக்கு.”

சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வதுதான் எங்கள் தொழில் ஒழுங்கு. இது ஒன்றில் மட்டும் நான் அதை மீறுகிறேன். ஒரு பக்கம் போதும் என்பவர்களிடம் “ஓம்” என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் நேர் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் ஆள் வருவாரோ மாட்டாரோ, அது ஓடாவி முடிவுசெய்கிற காரியம் இல்லை.