விசில் ஊதும் ஃபிசிகா டீச்சர்

செனோபியா டிக்கோனாவின் தலையில் மண்ணைப் போட்டது ஒரே ஒரு சொல். பொலிவியாவில் அவர்கள் பேசும் ஸ்பானிஷில் இயற்பியலும் 'ஃபிசிகா'தான், உடற்பயிற்சியும் 'ஃபிசிகா'தான். லா பாஸ் நகரில் கண்விழித்து இயற்பியல் படித்தாள். கூடப் படித்தவர்களில் ஒருவன் மினிபஸ் ஓட்டுகிறான், ஒருத்தி செல்போன் கடை வைத்துவிட்டாள், இன்னொருவன் சிலி நாட்டுச் சுரங்கத்துக்கே போய்விட்டான். இவளுக்குத்தான் உப்புச் சமவெளி ஓரத்துப் பள்ளியில் ஃபிசிகா ஆசிரியை வேலை வந்தது. அம்மா உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று, மகள் ஃபிசிகா டீச்சர் என்று சந்தைக்கே கேட்கும்படி சொல்லிச் சொல்லி ஆனந்தத்தில் அழுதாள்.

பேருந்தை விட்டு இறங்கியவள் கையில் தலைமையாசிரியர் ஃபவுஸ்டினோ ஒரு விசிலையும் பந்தையும் திணித்தார்.

"ஐயா, நான் படிச்சது ஒளி, அணு, மின்சாரம்..."

"அட, அதுவும் ஃபிசிகாதானே தாயி! அதை நம்ம கெமிஸ்ட்ரி வாத்தியாரு ஒப்பேத்திடுவாரு. அவரை ஓடச் சொன்னா முட்டி கழண்டுடும். நீ சின்னப் பொண்ணு, ஓடு. அவரு ரிட்டையர் ஆகட்டும், அந்தப் பாடம் உனக்குத்தான்."

ஓடினாள். பாவம், வேறென்ன செய்வாள்? அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு குளிர்காற்றில் விசில் ஊதினாள். ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை பேச அந்த ஊரில் ஈ காக்கை கிடையாது. மாலையில் கினோவா தானியச் சூப்பைக் குடித்துவிட்டு, அறைச் சுவருக்குப் பாடம் நடத்துவாள். சுவர் சந்தேகம் கேட்காது. தனிமை அவளைத் தின்றது.

அவள் செய்த ஒரே தப்பு, மைதானத்திலும் இயற்பியலை விடாததுதான். அந்த மேட்டு ஊரின் மெல்லிய காற்றில் பந்து அவ்வளவாக வளையாது, குறியை எங்கே வைப்பது என்று பெண்பிள்ளைகளுக்கு மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். அவர்கள் போய்க் கால்பந்துக் கோப்பையை வென்று வந்துவிட்டார்கள்!

கெமிஸ்ட்ரி வாத்தியார் ஓய்வு பெற்ற அன்று, வாக்கைக் கேட்கப் போனாள்.

"உன்னை மாத்தினா ஊரே என்னைக் கல்லால அடிக்கும் தாயி!" ஃபவுஸ்டினோ சிரித்தார். "பாடம் நடத்த எவனாவது கிடைப்பான். உன்னை மாதிரி ஃபிசிகா டீச்சர் கிடைப்பாளா?"

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"ஏன்டி குரல் கம்முது? ஃபிசிகாதானே சொல்லிக்குடுக்கிற?"

"ஆமாம்மா. ஃபிசிகாதான்."

"என் தங்கம்! பக்கத்துக் கடைக்காரி நம்ப மாட்டேங்கறா, இரு, அவகிட்டயும் சொல்லு."

கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டு, கடைக்காரியிடமும் சொன்னாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.